கருங்குழல் வந்தாள்

முதுகலைத் தமிழில் மொழிபெயர்ப்பியல் என்றொரு தாள் நடத்துகிறேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்வது வழக்கம். சென்ற பருவத்தில் கொடுத்த பத்தியில் ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். அவள் யார், என்ன வேலையாய் வந்தாள் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் அவள் ‘எ டால் புரூனெட்’. மாணவிகளில் பெரும்பாலோர் அந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். இரண்டு பேர் புரூனெட் என்பதை அவளுடைய பெயர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் ‘உயரமான கறுப்பி ஒருத்தி’ என்று எழுதியிருந்தாள்.

சுழித்துவிட்டு அவளை அழைத்துக் கேட்டேன்.

“டிக்‌ஷனரில டார்க்னு போட்டிருந்துச்சும்மா. டார்க்னா கறுப்புதானே?”

“தோல் இல்லம்மா, முடி. அடர்பழுப்பு முடி இருக்கிற பொண்ண அப்படிச் சொல்லுவாங்க. அவ வெள்ளைக்காரிதான்.”

அவள் சற்று யோசித்தாள். “முடி பழுப்பா இருந்தா, அவளே பழுப்பு ஆயிடுவாளாம்மா?”

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலம் கற்பிக்கும் கையேடுகள் முடியைப் பற்றிச் சொல்லித் தருபவை சில எளிய விதிகள். தலைமுடி மொத்தமும் ஒருமை. ‘ஹேர்ஸ்’ என்று பன்மையாக்கினால் எண்ணிப் பார்க்கக்கூடிய இழைகள் என்றாகிவிடும். நம் பிள்ளைகள் ‘ஷி இஸ் ஹேவிங் பிளாக் ஹேர்ஸ்’ என்று எழுதும்போது ஓர் ஆங்கிலேயர் கண்ணுக்குத் தெரிவது, எங்கோ நாலைந்து கறுப்பு முடி முளைத்திருக்கும் ஒரு பெண். ‘ஷி ஹேஸ் பிளாக் ஹேர்’ என்பதே சரி. நீளத்தை முன்னும் நிறத்தைப் பின்னும் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கையேடுகள் ‘ஷி ஹேஸ் பிளாண்ட் ஹேர்’ என்ற வரிக்குக் கீழேயே ‘ஷி இஸ் எ பிளாண்ட்’ என்ற வரியையும் எழுதி, இரண்டும் ஒன்றே என்பதுபோல நகர்ந்துவிடுகின்றன. முதல் வரியில் அவளிடம் முடி இருக்கிறது. இரண்டாவதில் அவளே முடி. முதலாவது உடைமை, இரண்டாவது அடையாளம்.

ஆணுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது. ‘ஹி இஸ் எ பிளாண்ட்’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் எழுதுவோர் அரிது. ‘ஹி இஸ் எ புரூனெட்’ என்றால் சிரிப்பார்கள். ஆணிடம் பழுப்பு முடி இருக்கும், அவ்வளவுதான். அவன் மருத்துவனாகவோ மாலுமியாகவோ கடன்காரனாகவோ இருப்பான். ‘ஃபேர்-ஹேர்ட் பாய்’ என்று அமெரிக்க வழக்கில் ஒரு தொடர் உண்டு. முதலாளியின் செல்லப்பிள்ளை, அடுத்த பதவி உயர்வுக்கு உரியவன் என்று பொருள். அவன் முடி என்ன நிறமாக இருந்தாலும் சரிதான். ஆணிடம் வந்தால் முடியின் நிறம்கூட உத்தியோகமாக மாறிவிடுகிறது! கானன் டாயில் 1891இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் சிவப்பு முடி உள்ள ஆண்களுக்கென்றே ஒரு சங்கம். உறுப்பினரானால் வாரம் நான்கு பவுண்டு சம்பளம். அது ஒரு மோசடி என்பது கதையின் திருப்பம். மோசடிக்காரனுக்குக்கூடச் சிவப்பு முடி என்றதும் ஓர் ஆணின் சம்பளம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

தமிழாசிரியர் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு மணி அடித்தாக வேண்டும். ரெட்ஹெட் என்பது சிவந்த தலை. ஆனால் அது தலையைக் குறிக்காமல் தலைக்கு உரியவளைக் குறிக்கிறது. இதற்கு நம்மிடம் துல்லியமான பெயர் இருக்கிறது: அன்மொழித்தொகை. தொகைச்சொற்களில் இல்லாத ஒரு மொழி மறைந்து நின்று பொருள் தருவது. அதிலும் பண்புத்தொகையின் புறத்தே பிறந்த அன்மொழித்தொகைக்கு நன்னூல் உரை வழியாக நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டு எது? கருங்குழல். கருமையான குழலை உடையவள். தேர்வுத்தாளில் ‘கருங்குழல் வந்தாள்’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்காதவர் உண்டா? வினைத்தொகைக்குத் தாழ்குழல், உவமைத்தொகைக்குத் துடியிடை, வேற்றுமைத்தொகைக்குப் பூங்குழல், பொற்றொடி. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இவற்றை எழுதிவருகிறேன். குழலும் இடையும் தொடியும் வரிசையாக வகுப்புக்குள் வருகின்றன. அவற்றுக்கு உரிய பெண் மட்டும் இலக்கணப்படியே ‘மறைந்து’ நிற்கிறாள். அது எனக்கு உறைத்தது, ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மாணவி கேட்ட பிறகுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. பெண்ணின் முடிக்குக் கூந்தல், ஆணின் முடிக்குக் குஞ்சி என்று பெயர்ச்சொல்லிலேயே நம் இலக்கியம் பால் பிரித்தது. ஆங்கிலம் அதை நிறச்சொல்லில் செய்கிறது. பொதுவாக ஆங்கிலப் பெயரடைகளுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொற்கள் மட்டும் தம் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆணுக்கு எழுதும்போது பிளாண்ட் என்ற சொல் ‘டி’ எழுத்தோடு முடியும். பெண்ணுக்கு இறுதியில் ஓர் ‘ஈ’ சேரும். காதுக்குக் கேட்காத எழுத்து, கண்ணுக்கு மட்டும் தெரியும் பெண்மை. புரூனெட்டில் இன்னும் ஒரு படி. ‘புரூன்’ என்றால் பழுப்பு. ‘எட்’ என்பது பெண்பாலோடு சிறுமையும் சேர்த்துச் சொல்லும் விகுதி. ‘பழுப்புக் குட்டி’ என்று தமிழாக்கினால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

கார்டியன் நாளேட்டின் நடைக்கையேடு, பெயரடையாக வரும்போது இருபாலருக்கும் ‘ஈ’ இல்லாத எழுத்துக்கூட்டல், பெண்ணைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் ‘ஈ’ என்று பங்கு பிரித்தது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் இப்போது இன்னும் கறாராக, அவசியமான இடத்தில் பெயரடையாக மட்டும் பயன்படுத்து, ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக்காதே என்கிறது. நல்ல விதி. காணாமல் போனவரைத் தேடும் அறிவிப்பில் முடியின் நிறம் தேவை. நீதிபதியாகப் பதவியேற்கும் பெண்ணைப் பற்றிய செய்தியில் எதற்கு? பக்கத்தில் நிற்கும் ஆண் நீதிபதியின் முடியை நீ குறிப்பிடுவாயா என்று கேட்டுக்கொண்டால் போதும்; இதற்கு நடைக்கையேடுகூட வேண்டாம்.

ஆனால் ‘ஈ’யை நீக்கியதும் தீர்ந்துபோகும் சிக்கலாக இருந்தால் இவ்வளவு இலக்கியம் அதன்மேல் எழுந்திருக்காது. அனிதா லூஸ் ‘ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்’ நாவலை 1925இல் வெளியிட்டார். அவர் பழுப்பு முடிக்காரர். ரயிலில் ஒரு பொன்முடிப் பெண் கையிலிருந்த புத்தகம் நழுவி விழுந்தால் ஆண்கள் ஓடிவந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்; தான் கனத்த பெட்டிகளைத் தூக்கி அல்லாடுவதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அந்த எரிச்சலில் ரயிலிலேயே எழுதத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்நாவலின் கதாநாயகி லோரலை எழுத்துப்பிழைகள் நிறைந்த நாட்குறிப்பு எழுதுகிறாள். அதே நாட்குறிப்பில் ஆண்களின் பணப்பையை மிகச் சரியாகக் கணக்கிடுகிறாள். 1953இல் மர்லின் மன்றோ நடித்து படமாக வந்தபோது உலகம் முழுக்கப் பதிந்தது தலைப்பும் முடியும்தான். ஆண்களை நையாண்டி செய்ய எழுதிய வாக்கியம், பெண்களைத் தரம் பிரிக்கும் பழமொழியாகிப் போனது.

மாறாக, ஒரு நிறச்சொல்லுக்காக மல்லுக்கட்டும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். எல். எம். மாண்ட்கமரி 1908இல் எழுதிய ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலின் ஆன். அவளுக்குச் சிவப்பு முடி. காரட் என்று கூப்பிட்ட பையனின் தலையில் எழுத்துப்பலகையால் ஒரே போடு. அவளுடைய கனவெல்லாம் தன் முடி ஒருநாள் ‘ரெட்’ என்பதிலிருந்து ‘ஆபர்ன்’ ஆகிவிட வேண்டும் என்பதே. கறுப்பாகும் ஆசையில் தெருவியாபாரியிடம் சாயம் வாங்கிப் பூசி, முடி பச்சையாகி, கடைசியில் வெட்டி எறிய வேண்டியதாகிறது. சிறுமியரின் வேடிக்கைக் கதையாகவே இதை வாசிக்கிறோம். எனக்கு இதில் தெரிவது சொல்லைப் பற்றிய கூர்மையான அறிவு. ரெட்டுக்கும் ஆபர்னுக்கும் இடையில் இருப்பது கொஞ்சம் பழுப்பும் நிறைய மரியாதையும் என்பது பதினொரு வயது அநாதைப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆபர்ன் என்ற சொல்லோ லத்தீனில் வெண்மையைக் குறித்த வேரிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் பழுப்பைக் குறிக்கும் ‘பிரவுன்’ என்பதோடு எழுத்துக்கூட்டல் குழம்பி, செம்பழுப்பாய் முடிந்தது. ஆன் அடைய விரும்பிய நிறமே தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வந்த ஒன்று.

(இங்கே மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சங்கடம். ரெட் ஹேர் என்பதைச் ‘செம்பட்டை முடி’ என்று போடத் தோன்றும். செம்பட்டை நம்மிடம் நிறம் மட்டுமில்லை. எண்ணெய் காணாத, கவனிப்பார் இல்லாத தலை. ஆன் அநாதை என்பதால் பொருத்தம்போலத் தெரிந்தாலும், அது நாம் அவள்மேல் கொண்டுபோய்க் கொட்டும் வறுமை. ‘சிவந்த முடி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.)

‘ஜேன் அய்’ரில் வருவது இதற்கு நேர்மாறான கண். 1847இல் வந்த நாவல். ராச்செஸ்டர் காதலில் உருகி ஜேனின் முடியையும் கண்களையும் ஒரே நிறச்சொல்லால் வருணிக்கிறான். ஜேனோ நம் பக்கம் திரும்பி, தன் கண்கள் உண்மையில் பச்சை என்றும், அவருக்கு மட்டும் புதுச்சாயம் ஏறித் தெரிந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போகிறாள். நிறம் தவறு என்று சொல்வதற்கு ஒரு பெண்ணிடம் கதைசொல்லும் உரிமை இருக்க வேண்டியிருக்கிறது. அதே நாவலில் லோவுட் பள்ளியைப் பார்வையிட வரும் பிராக்கிள்ஹர்ஸ்ட், ஒரு மாணவியின் சுருண்ட சிவப்பு முடியைக் கண்டு கொதிக்கிறான். இயற்கையிலேயே சுருள்முடி என்கிறார் ஆசிரியை. இயற்கைக்கு ஏற்ப நடக்கச் சொல்லவில்லை, வெட்டு என்கிறான். அந்தக் கணத்தில் பட்டும் சுருள்முடியுமாக அவனுடைய மனைவியும் மகள்களும் உள்ளே நுழைகிறார்கள். மனைவியின் நெற்றியில் தொங்குவது பொய்ச்சுருள். ஏழைப் பெண்ணின் முடியில் எதுவுமே சரியான நிறமாக இருப்பதில்லை.

இனி அந்த மாணவியின் ‘கறுப்பி’க்கு வருகிறேன். அவள் எழுதியது பிழை என்று சுழித்தேனே, முழுக்கப் பிழைதானா?

‘ஃபேர்’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழகு என்றே பொருள். வெளிர்நிற முடி, வெளிர்நிறத் தோல் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பிரிக்க முடியாமல் போயிற்று. நம் ஊர் மணமகள் தேவை விளம்பரத்தில் ‘ஃபேர்’ என்றால் தோல். இங்கிலாந்தில் ‘ஷி இஸ் ஃபேர்’ என்றால் பெரும்பாலும் முடியும் சேர்த்து. ‘டார்க்’ அதன் எதிர்ப்பக்கம். ஷேக்ஸ்பியரின் 1609ஆம் ஆண்டு சானெட்டுகளில் ஒரு பெண்ணின் முடி கறுப்புக் கம்பிகளோடு ஒப்பிடப்படுகிறது. விமர்சகர்கள் அவளுக்கு ‘டார்க் லேடி’ என்று பெயர் சூட்டினார்கள். அந்தத் தொடர் சானெட்டுகளில் எங்குமே இல்லை. முடியில் இருந்த கறுப்பை எடுத்து ஆளுக்கே பூசியவர்கள் நாங்கள் - விமர்சகர்களும் பேராசிரியர்களும்.

ஜார்ஜ் எலியட்டின் ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ 1860இல் வந்தது. ஆண் பெயரில் ஒளிந்துகொண்டு ஒரு பெண் எழுதிய நாவல். அதன் மேகி டல்லிவருக்குக் கருமையான, அடங்காத முடி, பழுப்புத் தோல். சுருட்டிவிட்டால் சுருளாது, வாரிவிட்டால் படியாது. பெற்ற தாயே இவள் கலப்பினத்தவள்போல இருக்கிறாளே என்று புலம்புகிறாள். அத்தைகளும் சித்திகளும் கூடும் நாளில், அவர்கள் வாயை அடைக்க மேகி தன் முடியைத் தானே கத்தரித்துக்கொள்கிறாள். பின்பக்கத்தை அண்ணன் டாம் வெட்டிவிடுகிறான். கண்ணாடியில் பார்த்ததும் அவன் சிரிக்க, அவள் உடைந்து அழுகிறாள். பக்கத்திலேயே சித்தி மகள் லூசி. பொன்னிறச் சுருள், சுத்தமான கவுன், யாருக்கும் தொந்தரவில்லாத குழந்தை. ஒருநாள் மேகி அவளைச் சேற்றில் தள்ளிவிட்டு ஜிப்சிகளோடு சேர்ந்துகொள்ள ஓடிவிடுகிறாள். நீ ஜிப்சி மாதிரி இருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர்களின் வார்த்தையை நம்பி, தன் சொந்தக்காரர்களைத் தேடிப் போகிறாள் அந்தக் குழந்தை. முடியைப் பற்றிய பேச்சு தோலைப் பற்றியதாகி, தோலைப் பற்றிய பேச்சு ‘நீ யார் பெண்?’ என்பதாகி முடியும் இந்த அத்தியாயங்களுக்கு நிகராக ஆங்கிலத்தில் அதிகம் இல்லை.

வளர்ந்த மேகி செய்வது இன்னும் பெரிது. அவள் விமர்சகியாகிறாள். பிலிப் வேக்கம் அவளுக்கு மேடம் த ஸ்டாலின் ‘கொரின்’ நாவலைக் கொடுக்கிறான். அவள் பாதியில் மூடித் திருப்பித் தந்துவிடுகிறாள். வெளிர்நிறப் பெண் கதைக்குள் வந்ததுமே, கொரினுக்கு உரிய அன்பை அவள்தான் கொண்டுபோவாள் என்று தனக்குத் தெரிந்துவிட்டதாம். இனி பொன்முடிப் பெண்களே எல்லா மகிழ்ச்சியையும் அள்ளிக்கொண்டு போகும் கதைகளை வாசிக்கமாட்டேன், கருமுடிப் பெண் வெல்லும் ஒரு கதை இருந்தால் கொடு என்கிறாள். வால்டர் ஸ்காட்டின் ரெபெக்கா, ஃப்ளோரா, மின்னா என்று தோற்றுப்போனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, அவர்களுக்காகப் பழிவாங்க வேண்டும் என்கிறாள். பிலிப் சிரித்துக்கொண்டே, லூசியின் காதலனை நீ பறித்துப் பழிதீர்ப்பாய் போலிருக்கிறது என்கிறான்.

பெண்ணிய விமர்சனம் என்ற பெயர் பிறக்க நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு நாவலின் கதாபாத்திரம், நாவல்களில் முடியின் நிறம் விதியாக வேலை செய்வதைப் பட்டியலிட்டுக் காட்டுகிறாள். நாம் ஆய்வேடுகளில் செய்வதும் இதைத்தான், மேற்கோள்குறிகள் கூடுதல். நுட்பம் இன்னொன்றும் உண்டு. கொரின் நாவலில் காதலனை மணக்கும் வெளிர்நிறத் தங்கையின் பெயர் லூசில். மேகியின் வீட்டில் இருப்பவள் லூசி. எலியட் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இந்த மேகியின் கண்ணில் டார்க் என்பது வெறும் முடியா? இல்லை. ‘அது தோல் இல்லம்மா, முடி’ என்று மாணவியிடம் நான் சொன்னது அகராதிக்குச் சரி, இலக்கியத்துக்குப் பாதிதான் சரி. அந்த நூற்றாண்டின் ஆங்கிலக் கதைகளில் முடியைக் குறிக்கும் சொல் தோலையும் குணத்தையும் தலைவிதியையும் சேர்த்தே இழுத்துவருகிறது. கறுப்பான ஒரு தமிழ்ப்பெண் அந்தச் சொல்லில் தன்னைக் கண்டது அகராதிப் பிழையாக இருக்கலாம். மோசமான வாசிப்பு என்று சொல்லமாட்டேன்.

இன்றைய ஆங்கிலத்தில் ‘பிளாக் ஹேர்’ என்பதற்கே இரண்டு பொருள். அமெரிக்காவில் அந்தத் தொடர் கறுப்பினத்தவரின் தலைமுடியை, அதன் சுருளை, பின்னலை, அதற்கென உள்ள பராமரிப்பை, அதன் அரசியலைக் குறிக்கும். மனிதரைக் குறிக்கும் ‘பிளாக்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்று அசோசியேட்டட் பிரஸ் 2020இல் முடிவெடுத்தது. ஆகவே பெரிய ‘பி’ போட்டால் ஒரு மக்களின் முடி, சின்ன ‘பி’ போட்டால் நம்முடைய முடி. பொன்முடிப் பொம்மையைப் பரிசாகப் பெற்ற கறுப்பினச் சிறுமி கிளாடியா அதைப் பிய்த்துப் போடுவதை டோனி மாரிசன் ‘தி புளூயஸ்ட் ஐ’யில் எழுதினார், ஆண்டு 1970. மேகி லூசியைச் சேற்றில் தள்ளியதையும் இதையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க மாணவிகளுக்குச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கோபம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்தே. மேகிக்குக் குடும்பத்தின் ஏளனம் மட்டும்தான் இருந்தது. கிளாடியாவுக்கு எதிரே ஒரு நாடு முழுவதன் பொம்மைக்கடைகள்.

நரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் முடி நரைப்பதற்குக் ‘கோ’ என்ற வினை: ‘ஷி ஹேஸ் கான் கிரே’. பால் கெட்டுப்போவதற்கும் பைத்தியம் பிடிப்பதற்கும் வழுக்கை விழுவதற்கும் அதே வினைதான். நரைத்த ஆணுக்கு ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்ற கவர்ச்சிப் பட்டம் உண்டு. பெண்ணுக்கு இணையான சொல் வழக்கில் இல்லை. குழந்தைகளின் ‘கோல்டிலாக்ஸ்’ கதையில் மூன்று கரடிகளின் வீட்டுக்குள் நுழைந்தவள், ராபர்ட் சதீ 1837இல் அச்சேற்றிய வடிவில், ஒரு கிழவி. பிறகு வந்தவர்கள் அவளைச் சிறுமியாக்கினார்கள். முதலில் வெள்ளிமுடி என்று பெயர், கடைசியில் பொன்முடி. சாயமடிப்பதில் பதிப்பாளர்கள் அழகுநிலையங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, முன்நெற்றியில் நன்றாகவே நரைத்திருக்கிறது. ஒரு கவிதை அரங்கின் ஆங்கில அழைப்பிதழில், உடன் வாசித்த ஆண் கவிஞர்களுக்கு நூல் பட்டியலும் எனக்கு ‘சால்ட் அண்ட் பெப்பர்’ முடியும் வாய்த்தன. உப்பும் மிளகும். அதற்குப் பிறகு ஒரு தொகுப்பு வந்துவிட்டது. அழைப்பிதழ்களை இப்போது நானே ஒருமுறை பார்த்துத்தான் அனுப்பச் சொல்கிறேன்.

அந்தப் பத்தியை அவள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ‘உயரமான ஒருத்தி வந்தாள். அடர்பழுப்பு முடி.’ ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்திருந்தாள். ஆளையும் முடியையும் பிரித்து வைத்திருந்தாள். மூலத்தில் இல்லாத முற்றுப்புள்ளி அது; மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலகத்தில் ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ இருக்கிறது என்று சொன்னேன். எடுத்துப் போய் அகராதியோடு மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். கொரினைத் திருப்பிக் கொடுக்கும் இடம் வந்துவிட்டதாகச் சென்ற வாரம் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னாள்.

“முடிவ மட்டும் சொல்லிடாதீங்கம்மா. இவ ஜெயிக்கிறாளான்னு நானே பாத்துக்கறேன்.”

இன்னும் இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது அவளுக்கு. நான் சொல்லவில்லை.